ஹூஸ்டனில் கரண்ட் கட்!

செல்போன் அலறியது.

தமிழரசு எடுக்கவில்லை. கழுத்தில் கத்தி இருக்கும்போது யாருக்குத்தான் போன் எடுக்கத் தோன்றும்?

"எடு. ஊரே காத்துக்கிட்டு இருக்குது" என்றான் தனசேகர். "சிரிச்ச மூஞ்சியா இருக்கோணும்."

"சிரிப்பு வரலீங்களே..."

கத்தி நூலளவு உள்ளே இறங்கியது.

சிரிப்பு வந்துவிட்டது!

அறையை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிடுவோம். சுவரில் அமெரிக்கக் கொடி. பக்கத்தில் கால்பந்து போஸ்டர். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குக் கட்டில். மேலே டியூப்லைட், ஃபேன். ஜன்னல்களை லாரித் தார்ப்பாய் போட்டு அடைத்திருந்தார்கள். நம் ஊரில் காலை என்றால் ஹூஸ்டனில் ராத்திரி. ஒரு பொட்டு வெயில் தெரிந்தாலும் காரியம் கெட்டுவிடும்.

ஆமாம், தமிழரசு ஹூஸ்டனில் இருக்கிறான். ஊர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறது.

உண்மையில் எங்கே இருக்கிறான்? அவனுக்கே தெரியாது! ஏர்போர்ட்டுக்குப் புறப்பட்ட கார். வழியில் ஒரு டீ. கண் விழித்தபோது இந்த அறை.

கால்பந்து உலகக் கோப்பை பார்க்க அமெரிக்கா போகிறவர்களுக்கு மலிவாகத் தங்க இடம் பிடித்துத் தருவதாக நாமக்கல்லில் கடை விரித்தவன் தனசேகர். டிக்கெட்டும் விசாவும் அவரவர் பாடு. ரூம் மட்டும் அவன் பொறுப்பு. மோகனூர்ப் பக்கத்தில் மட்டும் முப்பது பேர் முன்பணம் கட்டியிருந்தார்கள். முதல் ஆளாகக் கிளம்பிய தமிழரசு, காரில் போகும்போதே அந்த ஹூஸ்டன் விலாசத்தை மேப்பில் போட்டுப் பார்த்தான். அங்கே வீடே இல்லை. கார் நிறுத்தும் மைதானம்தான் இருந்தது! வண்டி ஓட்டிய தனசேகரிடமே கேட்டான். அதற்குப் பதில்தான் அந்த டீ.

"ரூம் நல்லா இருக்குதுன்னு நீ சொல்லு. அதைக் கேட்டு அவங்க மிச்சப் பணத்தைக் கட்டட்டும். சாயங்காலத்தோட முடிஞ்சுது."

"அப்பறம் என்னைய உட்ருவீங்களா?"

"பின்னால பாழுங்கெணறு ஒண்ணு இருக்குது. அங்கயும் ரூம் காலிதான்!"

தமிழரசு போனை எடுத்தான். கத்தி, கேமராவுக்குத் தெரியாமல் விலாவுக்கு இறங்கியது.

வீடியோ காலில் கட்டம் கட்டமாக முகங்கள். முதல் கட்டத்தில் கரும்புத் தோட்டத்து ராசப்பன், மீசையும் ஆர்வமுமாக. ஓரத்துக் கட்டத்தில் தமிழரசுவின் மனைவி சண்முகப்பிரியா.

"மாப்ள! ரூம் எப்பிடி?" என்றார் ராசப்பன்.

"அருமைங்க மாமா!"

"ஹோட்டல்காரனெல்லாம் மேட்ச் அன்னிக்கு அஞ்சு மடங்கு கேக்கறானுங்க. இது நெசமாலுமே நம்மகிட்டச் சொன்ன வெலைதானா?"

"அதே வெலைதானுங்க."

"மைதானத்துக்கு எப்பிடிப் போறது?"

தனசேகர் காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டினான்.

"ப... பஸ்ல போயிரலாமுங்க."

"சமைச்சுக்கலாமா? எனக்கு அந்த ரொட்டியெல்லாம் ஆகாது சாமி."

"அடுப்பு இருக்குதுங்க. நம்ம அரிசியே கெடைக்குதுங்க."

சண்முகப்பிரியாவுக்கு அரிசியில் கவனம் இல்லை. கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை வருஷக் கனவு! போய்ச் சேர்ந்த மனுஷனுக்கு ஏன் முகம் இப்படி வெளுத்துக் கிடக்கிறது? ஏன் கழுத்தைத் திருப்பாமலே பேசுகிறான்? காலரில் என்ன அது... சிவப்பாக?

ரத்தம்!

சரியாக அப்போது அவள் தலைக்கு மேல் ஃபேன் நின்றது. கரண்ட் கட்.

திரையைப் பார்த்தாள்.

ஹூஸ்டனும் இருட்டாகிவிட்டது!

"என்ன மாப்ள, மூஞ்சியக் காணோம்?" ராசப்பனின் குரல்.

இருட்டுக்குள் யாரோ கிசுகிசுத்தார்கள். பிறகு தமிழரசு பேசினான். "இங்க... இங்க காத்து மழைங்க மாமா. அமெரிக்காவுலயும் கரண்ட் போகுமுங்க."

தண்ணி டேங்க் பக்கம் மோட்டார் ஸ்டார்ட்டர் 'டடக்' என்று விழுந்தது. சண்முகப்பிரியாவின் ஃபேன் சுழன்றது. திரையில் டியூப்லைட் இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது.

போனது ஒரே நொடி. வந்ததும் ஒரே நொடி. மோகனூருக்கும் அமெரிக்காவுக்கும் ஒரே லைனிலா கரண்ட் வருகிறது?

தமிழரசு மாமா இங்கேதான் இருக்கிறார். பக்கத்தில் எங்கேயோ... யாரிடமோ மாட்டிக்கொண்டு!

கத்த வேண்டும் போல இருந்தது. கத்தக்கூடாது. அவள் முகம் அந்தப் பக்கம் தெரிகிறது. போலீசுக்குச் சொன்னால்? எந்த வீடு என்று தெரியாமல் அவர்கள் எங்கே போவார்கள்? ஊருக்குள் ஜீப் நுழைந்த அடுத்த நிமிஷம் மாமா உயிரோடு இருப்பாரா?

மைக்கை அணைத்தாள். புன்னகையை முகத்தில் ஒட்டவைத்துக்கொண்டு, மடியில் இருந்த பட்டன் போனில் லைன்மேன் அன்புவைப் பிடித்தாள்.

"அன்பு, இப்பக் கரண்ட் போச்சே, எதெது போச்சு?"

"நம்ம ஃபீடர், ஊருக்கு வர்ற மெயின் லைன் முச்சூடும் போச்சுங்க்கா. மரக்கிளை உரசிருச்சு. அதான் போட்டுட்டமல்ல?"

"அதுல எத்தனை ட்ரான்ஸ்ஃபார்மர்?"

"நாலு. எதுக்குங்க்கா?"

சொன்னாள். எதிர்முனையில் ஸ்பேனர் கீழே விழும் சத்தம் கேட்டது.

"அன்பு?"

"இருக்கறனுங்க்கா... நான் என்ன பண்ணட்டும்?"

"ஒவ்வொண்ணா நிறுத்து. நிறுத்திட்டு எனக்குச் சொல்லு. எதை நிறுத்துனா ஹூஸ்டன் இருட்டாகுதோ, மாமா அங்க இருக்கறாரு."

"ஆபீஸ்ல என்னைய சஸ்பெண்ட் பண்ணிப்போடுவாங்க."

"மாமன் உயிர் போயிரும்டா!"

அன்புவின் வண்டி உறுமுவது போனிலேயே கேட்டது.

இனி ஒன்றுதான் வேலை. கால் முடியக்கூடாது. அங்கே ராசப்பன் கும்பிடு போட்டு விடைபெற்றுக்கொண்டிருந்தார். சண்முகப்பிரியா மைக்கைப் போட்டாள்.

"ஏனுங்க மாமா, பாத்ரூம் தனியா, பொதுவா?"

தமிழரசு விழித்தான். "பொ... பொதுதான்."

"அட, நல்ல கேள்வி கேட்டியே அம்மிணி!" ராசப்பன் மறுபடி உட்கார்ந்துவிட்டார். "எத்தனை பேத்துக்கு ஒண்ணு?"

பட்டன் போன் அதிர்ந்தது. "ஆத்தோரம் நிறுத்திட்டனுங்க்கா."

திரையில் இரண்டு கட்டங்கள் மங்கின. ஹூஸ்டனில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"துணி எங்கீங்க மாமா தொவைக்கறது?"

"மிஷின் இருக்குது பிரியா..."

தனசேகருக்கு எரிச்சல் வந்துவிட்டது. சீக்கிரம் முடி என்று சைகை காட்டினான். ஆனால் கேட்பவர்கள் பணம் கட்ட வேண்டியவர்கள். பாதியில் வெட்ட முடியுமா? நல்ல வியாபாரி, பொறுத்துக்கொண்டான்.

"கோயில் ட்ரான்ஸ்ஃபார்மரும் நிறுத்தியாச்சு."

ராசப்பனின் கட்டம் மங்கியது. ஹூஸ்டன் வெளிச்சமாகவே இருந்தது.

"ஜன்னலைத் தொறந்து ஊரைக் காட்டுங்களே மாமா."

தமிழரசுவின் கண்கள் கலங்கின. "கொசு, பிரியா... ஹூஸ்டன்ல ரொம்பக் கொசு."

"வாய்க்கா மேடும் நிறுத்தியாச்சுங்க்கா!"

ஹூஸ்டன் அசையவில்லை. பாவி, எங்கேதான் வைத்திருக்கிறான்? சண்முகப்பிரியா விரல் விட்டு எண்ணினாள். இன்னும் ஒன்றுதான் பாக்கி. கேட்பதற்குக் கேள்வியும் தீர்ந்துவிட்டது.

அவள் ஃபேன் நின்றது.

ஹூஸ்டனும் அணைந்தது!

"அக்கா! இது கடைசி. உங்க ட்ரான்ஸ்ஃபார்மருங்க!"

"எங்களுதா? இதுல யாரார் இருக்கறது?"

"மூணே கனெக்ஷன்தானுங்க. உங்க ஊடு. பஞ்சாயத்துத் தண்ணி டேங்க். அப்பறம் உங்க அண்ணன் மோகன்குமார் கோழிப்பண்ணை."

அண்ணன் பண்ணை! கோழிகளை விற்றுவிட்டு மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கிறது. வீட்டிலிருந்து இரண்டு தோட்டம்தான் தள்ளி. ஆள் நடமாட்டமே இல்லாத இடம். அண்ணனுக்குத் தெரியாமல் எவனோ உள்ளே புகுந்திருக்கிறான்!

கூடப்பிறந்தவன் இருக்கும்போது வேறு யாரைக் கூப்பிடுவாள்? அண்ணனைக் கூப்பிட்டாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ ஊட்டை உட்டு நகராத அம்மிணி" என்றான் மோகன்குமார். "போலீசு கீலீசுன்னு போயிராத. இதோ வாரேன்."

வந்தான். கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் போட்டான்.

"எதுக்குண்ணா தாப்பாப் போடற? வா, போலாம்!"

மோகன்குமார் அவள் கையிலிருந்த செல்போனைப் பிடுங்கி அணைத்தான். பட்டன் போனைத் தரையில் போட்டு மிதித்தான்.

"கேமராவை அணைச்சுட்டு நானும் கால்ல இருந்தேன். பாத்ரூம் பொதுவான்னு நீ கேக்கும்போதே எனக்குச் சந்தேகந்தான்."

சண்முகப்பிரியா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "அண்ணா... நீயா?"

"தனசேகர் வெறும் வாய். கடை என்னுது."

"எம்புருசன்னு தெரிஞ்சுமா?"

"மாப்ள சொன்னா ஊரே நம்பும். அதான் மொத ஆளா அனுப்புனேன். விலாசத்தைத் தேடாம அமெரிக்கா போயிச் சேந்து ஓட்டல் லாட்ஜுன்னு எங்காவது படுத்திருந்தா, நானே ஏதாவது சமாளிச்சிருப்பேன். பெரிய சிஐடியாட்டத் தேடினான்."

"அண்ணா, உங்கால்ல உழறேன். அவரை உட்ரு!"

"உட்டா நான் ஜெயிலுக்குப் போகோணுமே. வேற யாருக்குத் தெரியும்? சொல்லு!"

அன்பு பெயர் தொண்டை வரை வந்தது. சொன்னால் அவனும் செத்தான். விழுங்கினாள்.

"ஆருக்கும் தெரியாது."

"நல்லது. ரெண்டு பேரும் ஒரே கெணத்துல போயிருங்க."

பின் கதவு பூட்டியிருந்தது. சாவி அண்ணனுக்குப் பின்னால் ஆணியில். ஜன்னலில் கம்பி. கத்தினால் கேட்க ஆள் இல்லை. தன் கையாலேயே சோறு ஊட்டி வளர்த்த அண்ணன் அவளைப் பார்த்த பார்வையில் ஈரமே இல்லை. சண்முகப்பிரியா வாய்விட்டு அழுதாள்.

மோகன்குமார் தன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். அவளும் கேட்கட்டுமே!

"தனசேகரு, சாயங்காலம் வரைக்கும் காக்க வேண்டியதில்லை. அவனைக் கெணத்துக்குக் கொண்டு போ."

போனில் கட்டில் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது.

"டேய், கேக்குதா?"

"நல்லாக் கேக்குதுங்க மோகன்குமாரு" என்றது போன். தனசேகர் குரல் இல்லை. "ஹூஸ்டன்ல இருந்து ராசப்பன் பேசறேனுங்க!"

மோகன்குமாரின் கையிலிருந்து போன் நழுவியது.

"ரூம் சொன்னாப்பலயேதான் இருக்குதுங்க. உங்காளைத்தான் அடுக்குக் கட்டில்ல கட்டி வெச்சிருக்கறோம். மாப்ளைக்குக் கழுத்துல சின்னக் கீறல்தானுங்க. கதவைத் தொறந்துட்டீங்கன்னா வெளிய நிக்கற நம்ம ஆளுங்க ஒதைக்காம இருப்பாங்க."

கதவு அதிர்ந்தது. ஒன்று, இரண்டு... தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது!

உள்ளே வந்த கூட்டத்தின் முன்னால் அன்பு நின்றான், மூச்சு வாங்க. "பண்ணையில புகுந்து தனசேகரைப் புடிச்சமுங்க்கா, அவனே உங்கண்ணன் பேரைக் கக்கிட்டான்!"

"உன்னையத் தவுர ஊருக்குள்ள நான் யாருக்கும் சொல்லலையேடா" என்றாள் சண்முகப்பிரியா. "இவங்களுக்கெல்லாம் எப்பிடி...?"

"கரண்ட் போனா மொதல்ல யாருக்குங்க்கா போன் பண்ணுவாங்க? லைன்மேனுக்குத்தான! நான் ஒவ்வொண்ணா நிறுத்த நிறுத்த, ஒவ்வொருத்தரா எனக்குக் கூப்பிட்டுத் திட்டுனாங்க. கேட்டது பூராம் ஒரே கேள்விதான். 'ஏம்ப்பா, மொதல் தடவை எங்க ஊட்டுல போனப்ப ஹூஸ்டன்லயும் போச்சே, அங்கயும் நீதான் லைன்மேனா?'ன்னு!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தமிழரசு வந்தான். காலரில் ரத்தம் காய்ந்திருந்தது. சண்முகப்பிரியா ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள்.

போலீஸ் ஜீப் வந்தது. மோகன்குமாரை ஏற்றினார்கள். ஏறும்போது திரும்பித் தங்கையைப் பார்த்தான். குரல் உடைந்திருந்தது.

"அம்மிணி, ஒரு வக்கீலையாவது பாத்து என்னைய வெளிய எடுத்து உடுவியா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள் சண்முகப்பிரியா.

"சேலம் ஜெயில்ல உனக்கு ரூம் போட்டாச்சுண்ணா. அடுப்பு இல்லை, பாத்ரூம் பொது, கேன்சல் மட்டும் பண்ண முடியாது!"