பிலோமினா ஓடை

தாவுகலத்தில் தனக்கும் இடம் கிடைத்துவிட்டது என்று டெல்பின் சொன்னபோது, அந்தக் கலம் போகவேண்டிய ஓடையே இல்லை என்பது அவன் மனைவி பிலோமினாவுக்குத் தெரிந்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது.

நெப்டியூனுக்கு அப்பால் இருந்த ஐந்தாம் நிலையத்தில் அவள் ஒருத்திதான். ஆறு வருடமாகத் துடிமீன்களை அளந்துகொண்டிருந்தாள். துடிமீன் என்றால் ஒளி சீராகக் கூடிக் குறையும் கிழட்டு விண்மீன். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை துடிக்கிறது என்று தெரிந்தால் அதன் உண்மையான ஒளி தெரியும். ஒளி தெரிந்தால் தூரம் தெரியும். தூரங்களைச் சேர்த்துப் பார்த்தால், நம் பால்வெளி எந்தெந்தக் குட்டி மண்டலங்களை விழுங்கி இப்படிக் கொழுத்தது என்ற கதையே வெளியே வந்துவிடும். அவள் அளந்த நானூறு துடிமீன்கள் ஒரே வரிசையில் நின்றன. விழுங்கப்பட்ட மண்டலம் ஒன்றின் மிச்சம் என்று சொல்லி, தலைமையகம் அதற்குப் பிலோமினா ஓடை என்று பெயர் வைத்தது. பாடப்புத்தகத்தில்கூட ஏறிவிட்டது. இப்போது எண்ணூறு பேரோடு தாவுகலம் அங்கே குடியேறக் கிளம்பப்போகிறது. பல ஒளியாண்டை ஒரே பாய்ச்சலில் கடக்கும் அந்தக் கலம் ஒருமுறைதான் தாவும். குறித்த இடத்தில் விண்மீன் இல்லையென்றால் திரும்பிவர வழி கிடையாது.

எந்த நேரத்தில் அளப்பது என்பதை நேரக்குலுக்கிதான் தினமும் முடிவு செய்யவேண்டும். பாழாய்ப்போன அந்தக் கருவி, சில நாள் டெல்பின் பேசும் நேரத்தையே எடுத்துப் போட்டது. பூமியிலிருந்த அவனோடு தாமதமில்லாத தாவு இணைப்பில் பேச்சு நாளுக்கு ஒரே தடவை, இருபது நிமிஷம். அதையும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. குலுக்கியை அணைத்துவிட்டு, தினமும் பேசி முடித்த கையோடு அளக்க உட்கார்ந்தாள்.

நேற்று தொலைநோக்கியின் மூடி சிக்கி, ஒன்பது மணி நேரம் தாமதம். மங்கியிருக்கவேண்டிய துடிமீன்கள் பளிச்சென்று இருந்தன. எட்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை துடித்தாலும், பதின்மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை துடித்தாலும், தினமும் ஒரே நேரத்தில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எட்டரை என்று அவள் எழுதியதில் பாதி பதின்மூன்று. திருத்திப் போட்டதும் வரிசை கலைந்துபோனது.

"பிலோமி, கேக்குதா? வேலைய விடுறதா எழுதிக் குடுத்துட்டேன். தாவுறதுக்கு முன்னால வழியில உன்னையும் ஏத்திக்கிடுவாங்களாம். இனிமே ஒண்ணாவே இருக்கலாம்."

சொல்லாவிட்டால் அவன் வருவான். வந்து, அவளையும் எண்ணூறு பேரையும் சேர்த்துக்கொண்டு சூனியத்தில் நிற்பான்.

"என்னங்க, ஏறாதீங்க. அந்த ஓடை இல்ல. உங்ககூடப் பேசணும்னு ஒரே நேரத்துல அளந்துட்டேன். அதான் தப்பாயிட்டு."

"அப்போ அந்த நானூறு நட்சத்திரம்?"

"அதெல்லாம் இருக்கு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல, அதது தனியாக் கெடக்கு. நாந்தான் குடும்பமாக்கி வச்சிட்டேன்."

"பரவாயில்ல புள்ள," என்றான் டெல்பின். "நாளைக்குப் பேசுவோம்."

அவள் அறிக்கையை அனுப்பினாள். தலைமையகம் கலத்தை நிறுத்தியது. அவளைத் திட்டவில்லை, மற்றப் பத்து நிலையங்களின் பதிவுகளைத் தோண்டியது. அங்கேயும் ஆளுக்கொரு ஓடை, ஒன்பது பேர் குலுக்கியை அணைத்திருந்தார்கள். ஒருவருக்கு அம்மா பேசும் நேரம், இன்னொருவருக்கு மகள் பள்ளிவிட்டு வரும் நேரம். பால்வெளி விழுங்கியதாக உலகமே படித்த பதினோரு மண்டலங்களில் பத்து ஒரே வாரத்தில் காணாமல் போயின.

மிஞ்சியது ஒன்று. அதை அளந்தவருக்குப் பேச யாருமே கிடையாது.

இனி நிலையங்களுக்கு அப்படிப்பட்டவர்களையே எடுப்பது என்று முடிவானது. அவர்கள் வந்துசேர ஆறு வருடமாகும். அதுவரை இப்போது இருப்பவர்களின் பேச்சு இணைப்பைத் துண்டித்துவிடவேண்டும் என்று ஆணை வந்தது.

பிலோமினா அதைப் படித்து முடித்தபோது டெல்பின் கூப்பிடும் நேரத்துக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. இணைப்பு காலையிலேயே போய்விட்டது. இருந்தாலும் போய் உட்கார்ந்தாள்.