பிரிஜித் நாளின் பச்சைச் சால்வை

துணிக்கொடி காலியாக இருந்தது!

பெவர்லி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். இரண்டு கிளிப்புகள் மட்டும் காற்றில் ஆடின. நேற்று மாலை அவள் மாட்டிவிட்டுப் போன அம்மாவின் பச்சைச் சால்வையைக் காணோம்.

அம்மா அயர்லாந்தில் நான்கு வருடம் நர்ஸாக இருந்தவர். அங்கே பிப்ரவரி முதல் தேதி வசந்தம் பிறக்கும் நாள். அந்நாட்டுக் கெல்ட்டிய மக்களின் பழைய திருநாள். முதல் நாள் மாலையே வெளியில் ஒரு துணியைத் தொங்கவிடுவார்கள். அந்த நாளுக்குரிய புனிதப் பெண் பிரிஜித் அந்தப் பக்கம் போகும்போது அதைத் தொட்டு ஆசீர்வதிப்பாராம். மறுநாள் அதைத் தலையில் கட்டினால் தலைவலி பறந்துவிடுமாம். சொந்த ஊரான லிங்கித் தோட்டத்துக்குத் திரும்பிய பிறகும் அம்மா வருடம் தவறாமல் இந்தச் சால்வையைத் தொங்கவிட்டார்.

போன ஆகஸ்டில் அம்மா இறந்துபோனார். அன்றிலிருந்து லோரி ஓட்டும் அப்பா தேவதாஸுக்கு ஓயாத தலைவலி.

"நமக்கு ஏதும்மா வசந்தம்? வெயில் அடிக்கும், மழை பெய்யும், அவ்வளவுதான் லா," என்றார் நேற்று. ஆனாலும் எட்டாத கொடியை இழுத்துப் பிடித்துக் கொடுத்தார்.

அம்மா போன பிறகு அந்தச் சால்வையைத் துவைக்கவே இல்லை. அதில் அம்மா வாசனை இருந்தது. பெவர்லி தினமும் அதில் முகம் புதைத்துத்தான் தூங்குவாள்.

செம்பனை மரங்கள் பக்கம் ஓடினாள். சாக்கடையில் தேடினாள். கோழிக்கூண்டுக்குள்கூட எட்டிப் பார்த்தாள். கோழிதான் முறைத்தது.

"இதையா தேடுற?"

பக்கத்து வீட்டு மயிலம்மாள் அத்தை! கையில் நான்காக மடித்த பச்சைச் சால்வை.

"நேத்து நீங்க சர்ச்சுக்குப் போன நேரம் மழை பிடிச்சிருச்சு. நான்தான் ஓடிவந்து எடுத்தேன். ஒரே தூசி! சோப்பு போட்டுத் துவைச்சு, ஃபேனுக்கு அடியில காய வெச்சிட்டேன்."

பெவர்லி முகர்ந்தாள். எலுமிச்சை சோப்பு. இன்னொரு மூலையை முகர்ந்தாள். அங்கேயும் எலுமிச்சைதான்.

சால்வையைப் பிரித்து நடுவிலும் முகர்ந்தாள்.

"ஏம்மா, அழுக்கு சரியா போகலையா?" அத்தையின் முகம் வாடியது. "உங்கம்மாவோடதுன்னு மெஷின்ல போடாம கையாலயே துவைச்சேன்."

"சுத்தமா இருக்கு, அத்தை. தேங்க்ஸ்."

வீட்டில் அப்பா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெவர்லி சால்வையை அவர் தலையில் சுற்றினாள். அப்பா ஆழமாக மூச்சை இழுத்தார். சட்டென்று நிமிர்ந்தார்.

"இதை யாரு துவைச்சது?"

அப்பாவும் அதை முகர்ந்து பார்ப்பவர் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மயிலம்மாள் அத்தை."

"ஒரு வார்த்தை கேக்காம எப்படி?" அப்பா எழுந்து வாசலுக்குப் பாய்ந்தார்.

பெவர்லி குறுக்கே நின்றாள். "வேணாம்பா. அம்மாவோடதுன்னு கையாலயே துவைச்சாங்களாம். தெரிஞ்சா அவங்களும் அழுவாங்க. நாம ரெண்டு பேர் அழுறது போதும்."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெவர்லி சால்வையை மறுபடி கட்டினாள். மிச்சம் தொங்கிய நுனியில் தன் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"வலி போச்சாப்பா?"

"கொஞ்சம் லா."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "பெவர்லி! ஓரத்துல கொஞ்சம் ஈரம் இருந்துச்சே, காஞ்சிருச்சா?"

பெவர்லி, கண்ணீரில் நனைந்திருந்த நுனியைப் பார்த்தாள்.

"காஞ்சிருச்சு, அத்தை!"