பெயர்ப்பூட்டு

வாருங்கள் தோழர்களே, வந்து பாருங்கள் இந்த அநீதியை! மருந்து இருக்கிறது, கருவி இருக்கிறது, அவற்றை ஆக்கிய இருவரும் கட்டிலின் இருபுறமும் நிற்கிறார்கள். நடுவே தொண்டைப் புற்றோடு கிடக்கிறாள் முத்தழகி. தூத்துக்குடித் துறைமுகத்தில் மீன் ஏலம் கூறிப் பிழைப்பவள். குரல்தான் அவளுக்குச் சோறு.

வலிய கதிர் உடலில் பாய்ந்தால் மின்னணுக்கள் சிதறும். ஓடித் தளர்ந்த மின்னணு மூலக்கூறோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கணமே மூலக்கூறின் பிணைப்பு அறும். அப்படி அறுந்து, தன் சில்லுகளால் புற்றைக் கொல்லும் ‘ஏற்பி’ மருந்தை ஆக்கியவர் பேராசிரியர் வில்லவன். மின்னணு எந்த அளவுக்குத் தளர்ந்தால் அம்மருந்து உடையும் என்று கண்டு, கதிர் பாய்ச்சும் ‘தளர்மின்னி’க் கருவியை அதற்கேற்ப இசைத்தவள் அவருடைய துறையைச் சேர்ந்த செவ்வந்தி. ஒன்றில்லாமல் மற்றது வீண்.

ஆனால் நாம் கைதட்டி நிறைவேற்றிய சட்டம், ஒரு சிகிச்சைக்கு ஒரே பெயர் என்கிறது. பெயர் முடிவாகும்வரை கண்டறிந்தவர் தம் கண்டுபிடிப்பைக் கைரேகையால் பூட்டி வைக்கலாம். இருவரும் பூட்டியிருந்தார்கள்.

செவ்வந்திக்கு வயிறு எரிந்தது. மருத்துவமனைச் சுவரெல்லாம் மாலையோடு சிரிப்பது வில்லவனின் படம். அவர் இருமினாலும் சபை கைதட்டுகிறது! தான் கண்ட அளவுக்கும் அவர் பெயரா? வில்லவனுக்கோ அவளுடைய இளமையே முள். அவளுக்கு இன்னும் காலம் இருக்கிறது, தமக்கு?

“மருந்து என்னோடது, செவ்வந்தி. பெருந்தன்மையா விட்டுக்குடு” என்றார் அவர்.

“நான் வர்ற வரைக்கும் உங்க மருந்து அலமாரியில தூங்கிச்சே, சார்! அப்ப எங்க போச்சு இந்தப் பெருந்தன்மை?”

முத்தழகி கரகரத்துச் சிரித்தாள். “நல்லா சண்டை போடுங்க! உங்க பேரு செவுத்துல வரும். எம்பேரு கல்லறையில வரும்.” கைகளை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். “இந்தா, ஏலம் விடுதேன். பேரு வேண்டாம்னு சொல்லுத ஆளு யாரு? ஒரு தரம்!”

வில்லவன் மருந்தையும் செவ்வந்தி கருவியையும் இறுகப் பற்றிக்கொண்டார்கள்.

“ரெண்டு தரம்!”

வில்லவனின் உதடு அசைந்தது. செவ்வந்தி அதைக் கண்டாள். விட்டுக்கொடுத்த புகழும் இந்த மனிதருக்கா?

“நான் விட்டுத்தர்றேன்!” என்று அலறினாள். அதே நொடியில் அவரும் அதையே சொன்னார்.

பூட்டுகள் திறந்தனவா? இல்லை! முதலில் சொன்னவர் யார் என்று வழக்கு எழுந்தது. முதலில் துறந்தவரின் பெயரையே சிகிச்சைக்குச் சூட்டலாம் என்று நடுவர் குழு புதுவிதி வகுத்தது. தீர்ப்பு வரும்வரை பூட்டுகள் நீடிக்கும் என்றது. வாரங்கள் கழித்துச் சாட்சி சொல்ல முத்தழகியை அழைத்தது.

அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. புற்று அவள் குரலைத் தின்றிருந்தது.

நடுவர்கள் சாட்சியம் போதவில்லை என்று விசாரணையைத் தள்ளி வைத்தார்கள்.

தோழர்களே, கண்ணைத் துடைத்துக்கொண்டு கலைந்து போகாதீர்கள்! அவள் இன்னும் உயிரோடிருக்கிறாள். சட்டம் நாம் இயற்றியது. நாமே அதைக் கிழிப்போம். இன்றே நடுவர் மன்றத்தின் வாயிலில் திரளுங்கள். இரண்டு பூட்டும் திறக்கும்வரை ஒருவரும் வீடு திரும்பாதீர்கள்!