கால் பழக்கம்

சிக்னலில் வண்டியை நிறுத்தியபோதுதான் மெக்கானிக்குக்கு அது உறுத்தியது. பிரேக்கில் அவன் கால் அசையாமல்தான் இருந்தது. ஆனால் கியர்பாக்ஸ் வண்டியை மெல்ல முன்னே தள்ளியது, தளர்ந்தது, மறுபடி தள்ளியது. கனத்துக் கனத்து வழுக்கும் ஏதோ ஒரு காலுக்கு ஈடுகொடுப்பதைப் போல.

"மூணு மாசமா இப்படித்தான்டா," என்றாள் பக்கத்தில் இருந்த அக்கா, குனிந்து வலது கணுக்காலைத் தேய்த்தபடி. "இதோட மல்லுக்கட்டி எனக்குக் கால்வலியே வந்துடுச்சு. ஊரான் வண்டிக்கெல்லாம் வைத்தியம் பார்ப்ப. அக்கா வண்டின்னா மட்டும் நாளைக்கு, நாளைக்கு."

"அது இன்னும் உன் காலைக் கத்துக்கலக்கா."

இதை விளக்குவதென்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் வட்டத் தகடுகள் உண்டு. எண்ணெயின் அழுத்தம்தான் அவற்றை இறுக்கும், தளர்த்தும். ஓட்டுபவரின் கால் எப்படி மிதிக்கிறது, தகடு எவ்வளவு நேரத்தில் பிடிக்கிறது என்று ஒரு கணினி கவனித்துக்கொண்டே இருக்கும். அவசரக்காரக் கால் என்றால் கியரைத் தாமதமாக மாற்றும். நிதானமான கால் என்றால் சீக்கிரமே மாற்றிவிடும். காலுக்கும் கியர் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் அவனுடைய ஸ்கேனரில் எண்ணாகத் தெரியும். பழகப் பழக எண் இறங்கும். பூஜ்யம் என்றால் இரண்டும் ஒத்துப்போய்விட்டன.

அக்காவுக்கு அது நாற்பதை விட்டு இறங்கவே இல்லை.

பெட்டி கடைசியாகக் கற்ற கால் யாருடையது என்பது இருவருக்கும் தெரியும். அக்காவின் கணவர், மாமா, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அலுவலகத்தின் தரையடி வாகன நிறுத்தத்தில் வண்டியைக் கிளப்பியவர் அப்படியே நெஞ்சடைத்துச் சரிந்துவிட்டார். எங்கெங்கோ தேடி, திங்கட்கிழமைதான் பார்த்தார்கள். கியர் டிரைவில் இருந்தது, கால் பிரேக்கில் இருந்தது. பெட்ரோல் தீரும்வரை இன்ஜின் ஓடியிருக்கிறது. அத்தனை நேரமும் பெட்டி பொறுமையாக, ஒரு நல்ல மாணவனைப் போல, ஊதிக்கொண்டிருந்த ஒரு காலைப் படித்திருக்கிறது. இருக்கையையும் தரைவிரிப்பையும் மாற்றினார்கள். இந்த வண்டியை வாங்க ஆள் வரவில்லை. மகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போக அக்காவுக்கு வேறு வண்டியும் இல்லை.

பட்டறையில் அவன் எண்ணெய்த் தட்டைக் கழற்றினான். கெட்ட எண்ணெயில் கருகல் வாடை வரும். அது அவனுக்குப் பழக்கம். இது வேறு. இனிப்பாக, வெதுவெதுப்பாக, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும் நாற்றம். எண்ணெயின் மேல் பாலாடை போல ஒன்று சுருங்கிக் கிடந்தது. தட்டிலுள்ள காந்தத்தில் இரும்புத்தூள் சேர்வது வழக்கம்தான். இங்கே அது ஈர மயிர் போல நீண்டிருந்தது. வழித்தெடுத்தான். கையுறை கிழிந்து நகக்கண்ணுக்குள் இறங்கியது. மூன்று முறை சோப்புப் போட்டான். போகவில்லை.

தட்டைத் திறந்தால் பாதி எண்ணெய்தான் வடியும். மீதி உள்ளேயே தங்கிவிடும். அதனால் ஊற்றி, ஓட்டி, மறுபடி வடிப்பான், மூன்று தடவை. எந்த வண்டிக்கும் அவன் அதைத் தவறவிட்டதில்லை. அன்று ஒரு தடவையோடு நிறுத்தி, வெளியே ஓடி வாந்தி எடுத்தான்.

"முழுசா மாத்திட்டியாடா?"

"முழுசா மாத்திட்டேன்கா."

கணினியின் நினைவை அழித்தான். இனி யார் ஓட்டுகிறார்களோ அவர்களிடம்தான் அது கற்கும். அக்காவை ஓட்டச் சொல்லிவிட்டு, ஸ்கேனரை மடியில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தான். பளிச்சென்ற பகல். எண் அறுபதில் தொடங்கியது. ஐம்பது. நாற்பது. முப்பத்தொன்று.

"பாத்தியா, கத்துக்குது!" என்றான். அவனால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

"என்னமோடா. செருப்புதான் இறுக்குது."

இருபது. ஏசியிலிருந்து லேசாக அந்த வாடை. அவன் தன் நகத்தை முகர்ந்து பார்த்தான். அதிலிருந்து இல்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. அக்கா பிரேக்கை மிதித்து நிறுத்தினாள். வண்டி தள்ளியது. தளர்ந்தது. தள்ளியது.

எண் ஒன்பது.

அதே தள்ளல். பெட்டி மாறவில்லை. எண் மட்டும் இறங்குகிறது. அப்படியானால்.

நான்கு.

"அக்கா, காலை எடு."

"எடுத்தா வண்டி நகர்ந்துடுமே."

"எடுக்கா!"

"வரலடா."

இரண்டு.

சொட்டும் சத்தம். மெதுவாக. புது விரிப்பின் மேல்.

குனிந்து பார்த்தான். செருப்பின் வார் தெரியவில்லை. சதை அதை விழுங்கியிருந்தது. நீலமாய் உப்பிய பாதத்தின் தோல், நனைந்த காகிதம் போலப் பிரேக்கின் மேல் வழுக்கியது. பாதம் கீழே சரிந்தது. தோல் அங்கேயே நின்றது.

"இப்பதான்டா," என்றாள் அக்கா, கேட்டைப் பார்த்தபடி, நிம்மதியாக, "வண்டி என் காலுக்குச் சரியா இருக்கு."

ஸ்கேனரில் பூஜ்யம்.