விடலாம்

படக்காரர் அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது, பெய்யட்டுமா வேண்டாமா என்று மழை வானத்தோடு பேரம் பேசிக்கொண்டிருந்தது. பிற்பகல்தான். ஆனால் தெருவே மங்கிக் கிடந்தது.

அவருக்கு மூச்சுப்பிடி என்றொரு பட்டப்பெயர் உண்டு. படம் கூர்மையாக விழ வேண்டுமானால் எடுப்பவரும் அசையக் கூடாது, நிற்பவரும் அசையக் கூடாது என்பது அவர் கட்சி. கேமராவை முக்காலியில் பூட்டுவார். "மூச்சைப் பிடிங்க" என்பார். பொத்தானைத் தொடுவார். பிறகு "விடலாம்" என்பார். அந்தச் சொல் வரும்வரை கல்யாண மாப்பிள்ளையே ஆனாலும் கன்னம் உப்ப நிற்க வேண்டியதுதான். "எனக்குத் தும்மல் வந்தாக்கூட இவர் உத்தரவு போடணும்" என்பாள் அவர் மனைவி.

வாசலில் ஜவுளிக்கடை முதலாளி காத்திருந்தார்.

"வெளிச்சமே இல்லாத நாளாப் பார்த்து வந்திருக்கீரே, படக்காரரே."

"அதனால என்ன முதலாளி? சாயம் ஏத்துற மாதிரிதான். கூடக் கொஞ்சம் ஊறவிட்டா ஏறிடும். என்ன, அதுவரைக்கும் ஆடாம நிக்கணும்."

வீடு முதலாளியின் அக்கா பெயரில் இருந்தது. இளைப்பு நோய்க்காரி. மாடியறையில் தூக்கத்திலேயே போய்விட்டாள். வீடு தம்பிக்கு வந்தது. ஆனால் விலை போகவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கீழே சிரித்துச் சிரித்துப் பேசுவார்கள், மாடிக்குப் போவார்கள், இறங்கி வந்து செருப்பைத் தேடுவார்கள். இப்போது நேரில் வராமலே வாங்க வெளியூர்க்காரர் ஒருவர் கிடைத்திருந்தார்.

"ஒவ்வொரு அறையிலயும் நான் நிக்கிற படம் வேணுமாம். அடுத்தவன் வீட்டை வித்துடுவேன்னு சந்தேகம்."

"நல்ல வியாபாரி."

"யோவ். இருட்டுறதுக்குள்ள படம் போய்ச் சேரலைன்னா அவர் வேற வீடு பார்த்துக்குவார். இதை விட்டா எனக்கு ஆள் கிடையாது."

எடுக்க எடுக்க அந்த வெளியூர்க்காரரின் கைபேசிக்கே படம் போகும்படி படக்காரர் கேமராவைத் திருகி வைத்தார். கூடம், சமையலறை, பின்கட்டு எல்லாம் மளமளவென்று முடிந்தன. முதலாளி மூச்சைப் பிடித்தார், விட்டார். சிரிக்கச் சொன்னால் வாடிக்கையாளருக்குச் சிரிக்கும் சிரிப்பைச் சிரித்தார்.

மாடியறைக் கதவைத் திறந்ததும் கருகிய பஞ்சின் வாடை வந்தது.

ஜன்னல்களை மூடி ஆணி அடித்திருந்தது. ஒரு இரும்புக் கட்டில், மெத்தை, எதிர்ச்சுவரில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடி இருக்கிற அறையில் பளிச்சென்று விளக்கு அடித்தால் அதுதான் படத்தில் விழும், அறை விழாது. ஆகவே கேமராவின் கண்ணை நிறைய நேரம் திறந்து வைத்துத்தான் எடுக்க வேண்டும். முதலாளி வாசற்படியிலேயே நின்றார்.

"உள்ள வாங்க முதலாளி. கட்டில் ஓரமா நில்லுங்க."

அவர் வந்தார். கட்டிலைப் பார்க்காமல் நின்றார்.

கேமராவின் திரையில் முகத்தைத் தேடும் பச்சைக் கட்டம் முதலாளியின் முகத்தில் உட்கார்ந்தது. பிறகு நகர்ந்தது. காலிக் கட்டிலின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டது.

படக்காரர் சிரித்துக்கொண்டார். இந்தக் கருவிக்குத் திரைச்சீலைப் பூவும் ஒன்றுதான், மனித மூஞ்சியும் ஒன்றுதான்.

"மூச்சைப் பிடிங்க... விடலாம்."

திரையில் படத்தைப் பெரிதாக்கினார். முதலாளி தண்ணீர் பட்ட மையெழுத்துப் போல் கலங்கியிருந்தார். உயிருள்ளது எதுவும் கொஞ்சமாவது ஆடும். மெத்தையோ ஊசி குத்தினாற்போல் விழுந்திருந்தது. அதன்மேல் ஒரு தலையணை. உறையில் பூத்தையல்கூடத் தெரிந்தது.

அவர் தலைநிமிர்ந்து பார்த்தார். கட்டிலில் தலையணை இல்லை.

"முதலாளி, இங்க பூப்போட்ட தலையணை ஒண்ணு..."

"அதைத்தான் அன்னைக்கே எரிச்சுட்டேனே."

சொன்ன பிறகுதான் முதலாளிக்குத் தாம் சொன்னது உறைத்தது.

தூக்கத்தில் செத்தவளின் தலையணையை அன்றைக்கே எதற்கு எரிக்க வேண்டும்? படக்காரர் முக்காலியின் காலை மடக்கப் போனார்.

"இந்த அறை வேண்டாம் முதலாளி. கலங்குது."

"கலங்கினா மறுபடி எடு. இது இல்லாம வீடு போகாது."

"என் பேச்சைக் கேளுங்க. இறங்கிடலாம்."

"எடுய்யாங்கறேன்."

படக்காரர் எடுத்தார். வாய் பழக்கத்தில் ஓடியது.

"மூச்சைப் பிடிங்க."

பொத்தானைத் தொட்டுவிட்டு, குனிந்து திரையைப் பார்த்தார்.

இந்த முறை முதலாளி கலங்கவில்லை. மீசையை மயிர் மயிராக எண்ணலாம் போலிருந்தது. அந்த வெளிச்சத்தில், அவ்வளவு நேரத்துக்கு, உயிருள்ள ஆள் அப்படி விழவே மாட்டார்.

அவர் தோளுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள். நரைத்த தலை. இமை கொட்டாத கண். அவள் இரண்டு கையும் முன்னால் வந்து அந்தத் தலையணையைப் பிடித்திருந்தன.

அவர் நெஞ்சோடு.

வாய்க்கு ஒரு விரற்கடை கீழே.

இன்னொரு படம் தானாக விழுந்தது. இப்போது தலையணை வாய்க்கு வந்திருந்தது.

படக்காரர் நிமிர்ந்தார். வெறுங்கண்ணுக்கு அறையில் முதலாளி மட்டும்தான். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, கைகள் காற்றில் எதையோ பிய்த்துக்கொண்டு நின்றார். முகம் நீலம் பாய்ந்திருந்தது.

அப்போதுதான் படக்காரருக்கு உறைத்தது. தாம் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

"விடலாம், முதலாளி."

அவர் விடவில்லை.

"விடலாம். விடுங்க. மூச்சை விடுங்க."

கட்டில் பக்கமிருந்து இளைப்புச் சத்தம் கேட்டது. சல்லடையில் காற்று இழுத்தாற்போல. அதற்கு நடுவே ஒரு பெண் குரல், மிக மெதுவாக:

"நானும் இப்படித்தான் சொன்னேன்."

"விடுடா தம்பி, விடுடான்னு."

முதலாளி நின்ற வாக்கிலேயே சாய்ந்தார்.

டாக்டர் மாரடைப்பு என்றார். படக்காரர் தலையாட்டினார். சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆம்புலன்ஸ் போன பிறகு வெளியூர்க்காரர் கூப்பிட்டார். குரலில் நல்ல உற்சாகம்.

"கடைசிப் படம் பிரமாதம் போங்க. என்ன கூர்மை. ஆனா ஒரு விஷயம். வீட்டுக்குப் பங்காளி யாரும் இல்லைன்னு சொன்னாரே? தலையணையும் கையுமா ஒரு அம்மா நிக்கிறாங்க. கையெழுத்துப் போட அவங்களும் வருவாங்களா?"

படக்காரர் கைபேசியை அணைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் மூச்சைப் பிடிக்கச் சொல்வதில்லை. படம் கலங்கினால் கலங்கட்டும் என்றிருக்கிறார். வாடிக்கையாளர்கள் முணுமுணுக்கிறார்கள். "மூச்சுப்பிடிக்குக் கண்ணு மங்கிடுச்சு" என்று எதிர்க்கடைக்காரர் பரப்புகிறார்.

போன வாரம் தம் கடையில் ஒரு தம்பதியைப் படமெடுத்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். பழக்கம் விடுமா? காலி நாற்காலியைப் பார்த்தபடி, தன்னையறியாமல் "விடலாம்" என்று முனகினார்.

பின்திரைக்கு அப்பால் யாரோ, வெகுநேரம் பிடித்து வைத்திருந்த மூச்சை, இளைப்போடு நீளமாக விட்டார்கள்.

முக்காலியிலிருந்த கேமராவின் திரையில் பச்சைக் கட்டம் மெல்ல நகர்ந்து, நாற்காலியில் முகமிருக்கும் உயரத்துக்கு வந்து நின்றது.

கருகிய பஞ்சின் வாடை அடித்தது.