கேட்டிக்கு வந்த கொப்பரை

நாங்கள் டெக்சாஸில் கேட்டி என்ற ஊரில் புது வீட்டுக்குக் குடிவந்த அந்த வாரமே அந்தச் சனியன் டிரெய்லரில் வந்து இறங்கியது. ஓர் ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம், அவ்வளவு பெரிய இரும்புக் கொப்பரை. கரும்புச்சாறு காய்ச்சுவது. டெக்சாஸ்காரர்கள் இதை பேக்யார்டில் வைத்துத் தண்ணீர் நிரப்பி அழகு பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எதை வாங்கினாலும் என் கணவர் வேலுமணிக்கும் அது வேண்டும்.

"பழைய சாமான் யார்டுல புடிச்சேன் சாரதா. கயானாவுல ஏதோ சுகர் எஸ்டேட்ல இருந்து வந்ததாம். பக்கா ஆன்ட்டிக்!"

"ஏனுங்க, எவனோ காய்ச்சின சட்டியை யாராச்சும் வீட்டுக்குக் கொண்டாருவாங்களா?"

"எவனோ இல்ல, நம்ம ஆளுங்கதான். வெள்ளைக்காரன் மெட்ராஸ்ல இருந்து கப்பல் கப்பலா கூலிக்கு ஏத்திட்டுப் போனானில்ல, அவங்க காய்ச்சினது."

அவர்கள் வெந்து செத்ததெல்லாம் இவருக்குப் பெருமை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் மகள் கயலுக்கு ஆறு வயது. தமிழ் புரியும், வாயில் வராது. நான் தமிழில் கேட்டால் "மம்மி, ஐ டோன்ட் வான்ட் இட்" என்பாள். இதற்காக அவளை நான் திட்டாத நாள் இல்லை. அவள் அந்தக் கொப்பரைக்குள் இறங்கி விளையாட ஆரம்பித்தாள். ஒரு நாள் மத்தியானம் உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"ஆத்தா, வெக்கை தாங்கல."

எனக்குத் தலைகால் புரியவில்லை. யூடியூபில் எதையோ பார்த்துக் கற்றுக்கொண்டாள் என்று நினைத்து, இன்னொரு தடவை சொல்லவைத்து ரெக்கார்ட் பண்ணி, தமிழ்ப் பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ஹார்ட்டாக வந்து குவிந்தது. உள்ளே எட்டிப் பார்த்தபோது மூக்கில் ஒரு வாடை ஏறியது. அடிப்பிடித்த பாகு வாடை. அதற்கு அடியில் மயிர் கருகும் வாடை.

கிரகப்பிரவேச விருந்துக்கு அந்தக் கொப்பரையிலேயே சர்க்கரைப் பொங்கல் என்று வேலுமணி அடம்பிடித்தார். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தோம், வெந்நீர் ஊற்றிக் கழுவினோம். வாடை போகவே இல்லை.

"உனக்கு எல்லாத்துலயும் நாத்தம்தான்" என்றார்.

வந்தவர்கள் கொப்பரையோடு செல்ஃபி எடுத்தார்கள், வழித்து வழித்துத் தின்றார்கள். இவருடைய ஆபீசில் வேலை பார்க்கும் டோரீன் வீராசாமியும் வந்திருந்தார். கயானாக்காரர். எங்களைப் போலவே நிறம், நெற்றியில் குங்குமம், ஆனால் ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. "நீங்க எந்த ஊர்?" என்று ஆரம்பித்த தமிழ்ப் பள்ளி ஸ்வர்ணா ஆன்ட்டி, விஷயம் தெரிந்ததும் என் காதைக் கடித்தார்.

"கூலிக்குப் போனவங்களாம்டி. என்ன ஆளுங்களோ!"

சொல்லிவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். அந்தக் கூலிகள் காய்ச்சிய சட்டிப் பொங்கல்தான் அவர் வாயில் இருந்தது. ச்சீ, என்ன ஜென்மங்களோ!

டோரீன் பொங்கலைத் தொடவில்லை. நான் கிண்ணத்தோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தபோது இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார்.

"எங்க வீட்டுல வெல்லம் சாப்பிட மாட்டோம், சாரதா. எங்க பாட்டன் காலத்துல ஒரு குழந்தை கொதிக்கிற கொப்பரையில தவறி விழுந்துட்டா. பேர் அங்காயி. மெட்ராஸ்ல இருந்து கப்பல்ல வந்த பொண்ணு."

"ஐயோ... அப்புறம்?"

"துரை அடுப்பை அணைக்க விடல. அந்தப் பாகை அவங்க கீழ கொட்டவும் இல்ல. சர்க்கரையாக்கி மூட்டை கட்டி அனுப்பிட்டாங்க."

என் வாயில் ஒரு வாய்ப் பொங்கல் இருந்தது. முந்திரி என்று நினைத்துக் கடித்தேன். கடிபடவில்லை.

உள்ளங்கையில் துப்பினேன்.

பால் பல்.

கயலைத் தேடி ஓடினேன். அவள் கொப்பரைக்குள் தலையைக் கவிழ்த்து, அடியில் தீய்ந்ததை நகத்தால் சுரண்டி நக்கிக்கொண்டிருந்தாள். வாயைப் பிளந்து பார்த்தேன். அவள் பல் எல்லாம் அப்படியே இருந்தது. அங்கேயே செடி ஓரமாகக் குடல் வெளியே வரும்படி வாந்தி எடுத்தேன்.

"கயல், உள்ள வா!"

திரும்பவில்லை.

என் பின்னாலேயே வந்த டோரீன் "அங்காயி?" என்றார்.

"தோ வந்துட்டேன்" என்று எழுந்தாள் என் மகள்.

மறுநாளே கொப்பரையைத் திருப்பி அனுப்பினோம். வீடு முழுக்கக் கழுவினேன். பிரயோஜனமில்லை. ஸ்கூலில் டீச்சர் பேசுவது எதுவும் இவளுக்குப் புரியவில்லை என்று கூப்பிட்டுச் சொன்னார்கள். டாக்டரிடம் காட்டினோம். காதில் கோளாறு இல்லை என்றார். சோறு வேண்டாம், வெல்லம்தான் வேண்டும். கட்டிப்பிடித்தால் தலைமுடியில் அந்த வாடை. பெற்ற பிள்ளையை முத்தமிட எனக்குக் குமட்டியது. டோரீனுக்கு போன் செய்து அழுதேன்.

"எங்க குடும்பத்துல தமிழ் செத்துப்போச்சு, சாரதா" என்றார். "அங்காயிகிட்ட மட்டும்தான் இருக்கு. அவ பேச ஒரு வாய் வேணும்ல."

போன மாதம் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா. கயல்தான் முதல் பரிசு. ஒரு இங்கிலீஷ் வார்த்தை கலக்காமல் பேசிய குழந்தையாம். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"பேரென்ன, செல்லம்?" என்று மைக்கை நீட்டினார்கள்.

"அங்காயி."

"வாவ், என்ன அழகான பேர்!" என்று ஸ்வர்ணா ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்த மேடையையே கொளுத்த வேண்டும்போல இருந்தது.

திரும்பி வரும்போது ஃப்ரீவேயில் எனக்கு அடக்க முடியவில்லை.

"கயல், ஒரே ஒரு தடவை மம்மின்னு சொல்லுடி. ஐ டோன்ட் வான்ட் இட்னு சொல்லு. இனிமே அம்மா திட்டவே மாட்டேன்டி."

கண்ணாடியில் பார்த்தேன். கார் சீட்டில் அவள் எனக்குப் புரியாத பாஷை பேசுபவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். வாயோரம் கறுப்பாக, கெட்டியாக ஏதோ வழிந்து பரிசுக் கோப்பையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆத்தா" என்றாள், "இந்தக் கப்பல் எப்ப நம்ம ஊருக்குப் போவும்?"