பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை

"போதும் மதினி, ஒண்டும் சொல்லத் தேவல்ல! எங்கட உம்மாவ இனி நானே பாத்துக்கொள்றேன்!"

காலைத் தேத்தண்ணீர்கூட இன்னும் ஆறவில்லை, அதற்குள் நிப்லாவின் குரல் தெருமுனை வரை கேட்டது. பாரிசவாதத்தில் விழுந்து, பேச்சும் நின்றுபோய்ப் படுத்திருக்கும் உம்மாவின் இடுப்புக்குக் கீழே ரூபாய் நாணயக் குற்றி அளவுக்குப் புண்! பார்த்த மகளுக்கு நெஞ்சு பதறாதா? பதறியது சரி. ஆனால் பழியெல்லாம் மருமகள் ஹிதாயாவின் தலையில்தானே விழுந்தது!

ஹிதாயாவின் கணவன் றினோஸுக்குக் கோபம் வந்தால் காது வேலை செய்யாது. தங்கச்சி சொன்னதையே அவனும் பிடித்துக்கொண்டான்.

"புரட்டிப் போடாமத்தானே புண் வந்தீக்கிது? உடுப்ப எடுத்துக்கிட்டு உக்குவளைக்கு, ஒங்கட வாப்பா வீட்டுக்கே போங்க!"

"ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா புரட்டினேங்க... அல்லாஹ் அறிவான்..."

மூன்று மாதமாக ஒழுங்காகத் தூங்காதவள் அவள். பகல் பத்திலிருந்து இரண்டு வரை மிளகு, கறுவாப்பட்டை பொதி செய்யும் வேலைக்குப் போவாள். அந்த நேரம் மட்டும் நிப்லா வந்து உம்மாவின் பக்கத்தில் இருப்பாள். மற்றதெல்லாம் இவள்தான். அதற்குக் கிடைத்த கூலியைப் பாருங்கள்!

அழுதுகொண்டே உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது பிசியோதெரபி மிஸ் ஹம்சிகா வந்தாள். உம்மா எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறார், எப்போது அசைகிறார் என்று பதியும் சின்னக் கருவியொன்றைப் போன வாரம் அவர் நெஞ்சில் ஒட்டிவிட்டுப் போனவள் அவள். வீட்டார் அதை மறந்தே போயிருந்தார்கள். மிஸ் மடிக்கணினியைத் திறந்தாள்.

"இவங்கள யாரு இவ்வளவு கவனமா பாத்துக்கிறது? இந்தா பாருங்க... வலம், இடம், மல்லாக்க, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாறியிருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கும்கூட!"

றினோஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவன் குறட்டை விட்டுத் தூங்கிய நேரமல்லவா அது!

"ஆனா ஒன்னு... தெனமும் பகல் பத்துல இருந்து ரெண்டு வரைக்கும் அசைவே இல்ல. மல்லாக்கவே கெடக்குறாங்க. புண்ணு அதாலதான் வந்திருக்கும்."

நிப்லாவின் முகம் வெளுத்தது. றினோஸ் தங்கச்சியின் பக்கம் திரும்பினான். இப்போது அந்தக் கோபம் அவள்மேல் பாயப் போகிறது. ஹிதாயா சும்மா இருந்திருந்தாலே போதும். இருந்தாளா?

"நிப்லாவுக்குச் சொல்லிக்குடுக்க மறந்துட்டேன் மிஸ். குத்தம் ஏன்ட."

"பொய்!" நிப்லா வீறிட்டாள். "மொத நாளே ரெண்டு தரம் சொன்னீங்க மதினி! உம்மா நிம்மதியா தூங்குறாங்களே எண்டு எழுப்ப மனசு வரல்ல... யா அல்லாஹ்! எங்கட உம்மாவுக்கு நானே புண்ண வரவெச்சிட்டு, பழிய ஒங்கட மேல போட்டுட்டேனே!"

ஓடிவந்து மதினியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள். ஹிதாயாவும் அழுதாள். அழாமல் என்ன செய்வாள்?

"ஹிதாயா... என்ன மன்னிச்சிருங்க..." என்றான் றினோஸ்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"மன்னிப்பெல்லாம் பொறகு. மணி பத்தாகுது, உம்மாவப் புரட்டணும். அந்தப் பக்கமா வந்து புடிங்க."

றினோஸ் கட்டிலருகே வந்து நின்றான். பெற்ற தாயை எங்கே பிடித்துத் திருப்புவது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஹிதாயாதான் அவன் கையை எடுத்து உம்மாவின் தோளில் வைத்தாள்.